ஸ்கேல் வைத்தால் திட்டக்குடி, தண்டவாளம் மட்டும் பெண்ணாடம்

திட்டக்குடி டீக்கடையில் எந்த நாளும் பஞ்சமில்லாமல் ஓடுகிற பேச்சு இரண்டு. ஒன்று, வெலிங்டன் ஏரியில் தண்ணி எத்தனை அடி நிக்குது. இன்னொன்று, நம்ம ஊருக்கு ரயில் எப்ப வரும். முதல் கேள்விக்கு ஐப்பசி கார்த்திகை போனால் ஒரு பதில் கிடைத்துவிடும். இரண்டாவது கேள்வி எங்கப்பா காலத்திலிருந்து அப்படியே நிக்குது. தேர்தல் நெருங்கினால் மட்டும் எழுந்து உட்காரும், பிறகு திரும்பப் படுத்துக்கும்.

மக்காச்சோளம் உடைத்து முடித்த மறுநாள், கொஞ்சம் ஓய்வாக டீக்கடையில் உட்கார்ந்திருந்தேன். பேச்சு ரயிலுக்குத் திரும்பியது. பக்கத்து பெஞ்சில் இருந்த பெரியவர் ஒருத்தர், நான் சின்ன வயசிலிருந்து கேட்ட அதே கதையை எடுத்தார்.

"வெள்ளைக்காரன் நம்ம ஊரு வழியாத்தான் ரயிலு விட வந்தான் தம்பி. இங்க இருந்த மிராசுதாருங்கதான் வேணாம்னுட்டாங்க. எஞ்சின் புகை பட்டா பயிரு கருகிடும், சத்தத்துல சினை மாடு கன்னு வீசிடும்னு சொல்லி அந்தாண்ட தள்ளி விட்டுட்டாங்க. அதான் பெண்ணாடத்துக்காரன் கொடுத்து வெச்சவனாயிட்டான்."

எல்லாரும் சிரித்தோம். ஆனால் எனக்கு ஒரு சந்தேகம். இதே கதையை நான் பெரம்பலூரில் கேட்டிருக்கிறேன். கள்ளக்குறிச்சியில் மாட்டுச் சந்தைக்குப் போனபோது கேட்டிருக்கிறேன். ஜெயங்கொண்டத்துச் சம்பந்தி வீட்டிலும் கேட்டிருக்கிறேன். ஊர் மாறுது, மிராசுதார் மாறுறார், கருகுற பயிர் மட்டும் மாற மாட்டேங்குது. இத்தனை ஊரிலும் இத்தனை பெரிய மனுஷங்களும் ஒரே காரணத்தைச் சொல்லியிருப்பார்களா?

வீட்டுக்கு வந்து மகளோட பள்ளிக்கூட அட்லஸை எடுத்தேன். விழுப்புரத்தில் ஒரு புள்ளி, திருச்சியில் ஒரு புள்ளி. ஸ்கேல் வைத்துப் பென்சிலால் ஒரு கோடு இழுத்தேன். கோடு உளுந்தூர்பேட்டையை உரசிக்கொண்டு இறங்கி, ஏறக்குறைய திட்டக்குடி தலைமேலேயே ஏறிப் போகுது. நீங்களும் வீட்டில் செய்து பாருங்கள்.

நிஜத்தில் தண்டவாளம் அந்தக் கோட்டுக்குக் கிழக்கே வளைந்து விருத்தாசலம், பெண்ணாடம், செந்துறை, அரியலூர் என்று போகுது. தேசிய நெடுஞ்சாலை அதே கோட்டுக்கு மேற்கே வளைந்து வேப்பூர், தொழுதூர், பெரம்பலூர் என்று போகுது. கிழக்கே பெண்ணாடம் பதினைந்து, பதினாறு கிலோமீட்டர். மேற்கே தொழுதூரும் கிட்டத்தட்ட அவ்வளவுதான். ரயிலும் ரோடும் பேசி வைத்துக்கொண்டு நம்மை நடுவில் விட்டு ஆளுக்கொரு பக்கம் ஒதுங்கிப் போன மாதிரி இருக்கு.

அப்படியானால் மிராசுதார் கதை உண்மைதானோ? நேராக வர வேண்டியதை நாமே தள்ளிவிட்டோமோ? இதைத் தெரிந்துகொள்ள, அந்தப் பாதை எதுக்காகப் போடப்பட்டது என்று பார்க்கணும்.

தென்னார்க்காடு ஜில்லாவுக்கு ரயில் முதலில் வந்தது கடலோரமாகத்தான். அதுக்கும் முன்னால், 1860களிலேயே நாகப்பட்டினத்திலிருந்து தஞ்சாவூர் வழியாகத் திருச்சிக்கு ரயில் ஓடியது. அன்றைக்கு நாகப்பட்டினம் துறைமுகம். கப்பலில் வந்ததை உள்ளே கொண்டுபோகவும், உள்ளே விளைந்ததைக் கப்பலுக்குக் கொண்டுவரவும் போட்ட பாதை அது. 1870களின் கடைசியில் சென்னையிலிருந்து விழுப்புரம், கடலூர், சிதம்பரம், மாயவரம், கும்பகோணம் என்று மீட்டர் கேஜ் பாதை இறங்கி வந்து தஞ்சாவூரில் சேர்ந்தது. சென்னையிலிருந்து திருச்சி, மதுரை, தூத்துக்குடி போகிறவர்கள் எல்லாரும் காவிரி டெல்டாவைச் சுற்றித்தான் போகணும். இதைத்தான் இன்னைக்கும் மெயின் லைன் என்கிறோம்.

டெல்டாவில் ஜனங்கள் அதிகம், நெல் அதிகம், கோயில் அதிகம். கூட்டத்துக்குக் குறைவில்லை. ஆனால் சென்னைக்கும் மதுரைக்கும் அவசரமாகப் போகிறவனுக்கு அது சுற்று. விழுப்புரத்திலிருந்து திருச்சிக்கு மாயவரம், தஞ்சாவூர் வழியாகச் சுமார் 240 கி.மீ. அந்தச் சுற்றைக் குறைக்க, விழுப்புரத்திலிருந்து நேராகத் திருச்சிக்கு ஒரு குறுக்குப் பாதை போட்டார்கள். அதுதான் கார்டு லைன். தென்னிந்திய ரயில்வே கம்பெனி 1920களில் வேலையை நடத்தி, 1929ல் திருச்சி வரைக்கும் முழுப் பாதையும் ஓட ஆரம்பித்தது. தூரம் சுமார் 178 கி.மீ. ஒரே வெட்டில் அறுபது கிலோமீட்டருக்கு மேல் மிச்சம். அதே சமயத்தில்தான் நாகப்பட்டினத்தில் இருந்த ரயில்வே தொழிற்சாலையையும் திருச்சி பொன்மலைக்கு மாற்றினார்கள். கடலோரத்தில் இருந்த ரயிலின் மையம் உள்நாட்டுக்கு நகர்ந்த காலம் அது.

இப்ப ஸ்கேலுக்குத் திரும்புவோம். பறவை பறக்கிற மாதிரி விழுப்புரம் திருச்சி தூரத்தைக் கணக்குப் போட்டால் சுமார் 155 கி.மீ. வருது. தண்டவாளம் 178. அப்ப இருபது கிலோமீட்டருக்கு மேல் கிழக்கே வளைந்திருக்கு. மிச்சம் பிடிக்கணும் என்று போட்ட பாதையில் எதுக்கு இந்த வளைவு?

பதில் விருத்தாசலம் ஜங்ஷனில் இருக்கு. கார்டு லைன் போடுகிற அதே காலகட்டத்தில் இன்னொரு பாதைக்கும் வேலை நடந்தது. கடலூர் துறைமுகத்திலிருந்து விருத்தாசலம் வழியாகச் சின்னசேலம், ஆத்தூர், சேலம். ஒன்று வடக்கு தெற்காகப் போகுது, இன்னொன்று கிழக்கு மேற்காகப் போகுது. இரண்டும் ஓரிடத்தில் வெட்டிக்கணும். அந்த இடம் தாலுக்கா தலைமையிடமாகவும், பெரிய ஊராகவும், கோயில் ஊராகவும் இருந்தால் கம்பெனிக்கு நல்லது. விருத்தாசலத்தில் மூணும் இருந்தது. அன்றைக்குத் திட்டக்குடி அதே விருத்தாசலம் தாலுக்காவில் வெள்ளாற்றங்கரையில் இருந்த ஊர். நேர்கோட்டில் இருந்தோம் என்பதைத் தவிர கம்பெனிக்குக் காட்ட நம்மிடம் வேறு என்ன இருந்தது?

விருத்தாசலத்தைத் தொட்ட பிறகு அடுத்து அரியலூர். இந்த இரண்டு ஊருக்கும் நடுவில் ஸ்கேல் வைத்தால் கோடு பெண்ணாடத்துப் பக்கமாகத்தான் போகும். பெண்ணாடம் தாண்டி வெள்ளாற்றைக் கடந்து ஈச்சங்காட்டில் ஏறணும். திட்டக்குடிக்குத் திரும்பினால் மறுபடியும் மேற்கே வளையணும். அதனால் நான் வந்து சேர்ந்த முடிவு இதுதான். நம்மை விட்டது யாரும் வேண்டாம் என்று சொன்னதால் இல்லை. ஜங்ஷன் எங்கே என்று முடிவான அன்றைக்கே நம்ம கணக்கு முடிஞ்சு போச்சு. மிராசுதார் புகைக்குப் பயந்தாரா இல்லையா என்பது அதுக்கப்புறம் வருகிற பேச்சு.

விவசாயிக்கு இது புரியாத விஷயம் இல்லை. வாய்க்கால் வெட்டும்போது யார் நிலம் நடுவில் இருக்கு என்று பார்ப்பதில்லை. தலைமதகு எங்கே, கடைமடை எங்கே, மட்டம் எப்படிப் போகுது, இதைத்தான் பார்ப்போம். நடுவில் இருக்கிறவன் வயலுக்குத் தண்ணி பாயணும் என்றால் அங்கே ஒரு மடை வைக்கணும். மடை இல்லாத வாய்க்கால் வரப்போரமாகவே ஓடினாலும் நம்ம வயல் காய்ந்துதான் கிடக்கும். ரயிலும் அதே மாதிரிதான். அது இரண்டு முனையைப் பார்த்து வருது. நடுவில் நிற்கிற இடம்தான் நமக்கு மடை.

இதில் ஒரு வேடிக்கையும் இருக்கு. கார்டு லைன் வருவதற்குச் சற்று முன்னால், 1913லிருந்து 1923 வரைக்கும் நம்ம பக்கம் இன்னொரு பெரிய வேலை நடந்தது. தொழுதூரில் வெள்ளாற்றைத் தடுத்து, அங்கிருந்து கால்வாய் வெட்டி, கீழ்ச்செருவாயில் ஏரி கட்டினார்கள். அப்போது சென்னை மாகாண கவர்னராக இருந்த வில்லிங்டன் பேரை வைத்தார்கள். நம்ம வாயில் அது வெலிங்டன் ஆகிவிட்டது. ஒரே தலைமுறையில் பெண்ணாடத்துக்கு ரயில் கிடைத்தது, நமக்கு ஏரி கிடைத்தது. நெல்லு போடுகிறவனாகச் சொல்கிறேன், இரண்டில் ஒன்றுதான் என்று அன்றைக்குக் கேட்டிருந்தால் நான் ஏரியைத்தான் கேட்டிருப்பேன். ஆனால் ஏரி இருக்கிற ஊருக்கு ரயில் வேண்டாம் என்று யார் சொன்னது?

ரயில் வந்ததால் என்ன ஆனது என்பதை விருத்தாசலம் போனால் கண்ணால் பார்க்கலாம். நெய்வேலியில் பழுப்பு நிலக்கரி எடுக்க 1956ல் கார்ப்பரேஷன் ஆரம்பித்தார்கள். நிலக்கரிக்கு மேலே மூடியிருக்கிற மண்ணில் வெள்ளைக் களிமண்ணும் வந்தது. அந்தக் களிமண்ணை வைத்து விருத்தாசலத்தில் பீங்கான் தொழிற்பேட்டை வளர்ந்தது. ப்யூஸ் கட்டை, ஜாடி, பொம்மை, கார்த்திகை அகல் விளக்கு என்று இன்றைக்கும் சூளையில் வேகுது. பீங்கான் படிக்க ஒரு கல்லூரியே அங்கே இருக்கு. தெற்கே போனால் அரியலூர், டால்மியாபுரம் பக்கம் சுண்ணாம்புக்கல், சிமெண்ட். களிமண்ணோ, நிலக்கரியோ, சுண்ணாம்புக்கல்லோ, எடை அதிகம், விலை குறைவு. இப்படிப்பட்ட சரக்குக்குத் தண்டவாளம் பக்கத்தில் இருப்பது பாதி லாபம். எல்லாமே ரயிலால் வந்தது என்று சொல்ல மாட்டேன். மண்ணும் கல்லும் ஏற்கெனவே அங்கே இருந்தது. ஆனால் ஜங்ஷன் இருக்கிற ஊரைத் தேடி அடுத்தடுத்து ஒன்று வந்துகொண்டே இருக்கும். நம்ம பக்கத்துக் கரும்பும் பருத்தியும் மக்காச்சோளமும் இன்றைக்கும் டிராக்டரிலும் லாரியிலும்தான் போகுது.

ரயிலை வைத்து ஊர் மானம் பேசிய வரலாறும் இந்தப் பாதையிலேயே இருக்கு. 1953 ஜூலையில் டால்மியாபுரம் ஸ்டேஷனுக்குக் கல்லக்குடி என்று பேர் மாற்றணும் என்று தி.மு.க. போராட்டம் நடத்தியது. கருணாநிதி தண்டவாளத்தில் படுத்தது அங்கேதான். ஸ்டேஷன் பலகையில் தன் ஊர்ப் பேர் இருக்கணும் என்பதற்கு அவ்வளவு மதிப்பு.

இதே பாதையில் நடந்த இன்னொரு விஷயத்தையும் விவசாயியாக இருந்துகொண்டு சொல்லாமல் விட முடியாது. 1956 நவம்பர் 23 விடியற்காலை. நல்ல மழை. சென்னையிலிருந்து தூத்துக்குடி போகிற எக்ஸ்பிரஸ் அரியலூரைத் தாண்டி மருதையாற்றுப் பாலத்துக்கு வந்தது. வெள்ளம் அதுக்குள் பாதையை அரித்துப் போயிருந்தது. எஞ்சினும் பெட்டிகளும் ஆற்றில் இறங்கிவிட்டன. சுமார் 150 பேர் இறந்துபோனார்கள். ரயில்வே மந்திரியாக இருந்த லால்பகதூர் சாஸ்திரி பொறுப்பேற்றுப் பதவியை விட்டார். பள்ளிக்கூடத்தில் இதை ஒரு மந்திரியின் நேர்மைக்கு உதாரணமாகச் சொல்லிக் கொடுத்தார்கள். அது சரிதான். ஆனால் எனக்கு அதில் தெரிவது தண்ணியோட பாடமும் கூட. நம்ம பக்கத்து ஆறும் ஓடையும் பத்து மாசம் மணலாகக் கிடக்கும். இரண்டே நாள் மழையில் கரை தட்டி ஓடும். காய்ந்து கிடக்கிற நாளில் வந்து பார்த்துவிட்டுப் போகிறவனுக்கு அதன் உண்மையான அகலம் தெரியாது. ஊர்க்காரனைக் கேட்டால்தான் தெரியும்.

ரயில் வந்துவிட்டால் போகாது என்றும் நினைக்க வேண்டாம். பஞ்ச காலத்துக்குத் தானியம் கொண்டுபோக உதவும் என்று 1905, 1906 வாக்கில் திருப்பத்தூரிலிருந்து கிருஷ்ணகிரிக்கும், மொரப்பூரிலிருந்து தர்மபுரிக்கும் குறுகிய பாதைகள் போட்டார்கள். 1941ல், உலக யுத்தம் நடக்கும்போது, மூடிவிட்டார்கள். கிருஷ்ணகிரி இன்றைக்கு ஜில்லா தலைநகர், ஆனால் ரயில் கிடையாது. மொரப்பூர் தர்மபுரி பாதையைத் திரும்பப் போட 2016-17ல் அனுமதி கிடைத்தது, 2019ல் அடிக்கல் நாட்டினார்கள். போனதைத் திரும்ப வாங்கவே இந்தப் பாடு. போடிநாயக்கனூர் தண்டவாளத்தையும் யுத்தத்தில் பிடுங்கினார்கள், அது 1950களில் திரும்ப வந்தது. மன்னார்குடிக்கு 1976ல் நிறுத்திய ரயில் 2011ல்தான் மீண்டும் வந்தது.

புதுப் பாதைக்கு என்ன ஆகும் என்று பார்க்கத் தூரம் போக வேண்டாம், கள்ளக்குறிச்சி போதும். சேலம் விருத்தாசலம் பாதை கள்ளக்குறிச்சியைத் தொடாமல் சின்னசேலம் வழியாகப் போனது. நமக்குப் பெண்ணாடம் எவ்வளவு தூரமோ, அவர்களுக்குச் சின்னசேலம் அவ்வளவு தூரம். சின்னசேலம் கள்ளக்குறிச்சி புதுப் பாதைக்கு 2006-07 ரயில்வே பட்ஜெட்டில் இடம் கிடைத்தது. மொத்தமே பதினாறு கிலோமீட்டர் சொச்சம். நடுவில் கள்ளக்குறிச்சி 2019ல் தனி மாவட்டமே ஆகிவிட்டது. பதினைந்து வருஷம் தாண்டியும் அந்தப் பாதையில் ரயில் ஓடவில்லை. நிலம் எடுப்பதிலேயே வருஷங்கள் ஓடின. பெரம்பலூர் 1995லிருந்து மாவட்டத் தலைநகர். அரியலூரிலிருந்து பெரம்பலூர், துறையூர் வழியாக நாமக்கல்லுக்குப் பாதை வேண்டும் என்பது பல வருஷத்துக் கோரிக்கை. இன்னும் கோரிக்கைதான்.

ஏன் இவ்வளவு இழுக்குது? முறை அப்படி. முதலில் சர்வே. எத்தனை பேர் ஏறுவார்கள், எவ்வளவு சரக்கு போகும், போட்ட பணத்துக்கு வருஷத்துக்கு எத்தனை சதவீதம் திரும்பும் என்று கணக்குப் போடுவார்கள். பல காலமாக 14 சதவீதம் வந்தால்தான் பலன் உள்ள பாதை என்று வைத்திருந்தார்கள். திட்டக்குடி மாதிரி ஊருக்கு அந்தக் கணக்கு எந்தக் காலத்தில் தேறும்? தேறினாலும் பட்ஜெட்டில் பணம் ஒதுக்கணும். தமிழ்நாட்டுப் புதுப் பாதைகள் பலவற்றுக்குச் சில வருஷங்களில் வெறும் ஆயிரம் ரூபாய் ஒதுக்கினதைப் பேப்பரில் படித்திருப்பீர்கள். திட்டம் செத்துப் போகவில்லை என்று காட்ட வைக்கிற காசு அது. நான் ஒரு நாள் களையெடுப்புக்குக் கொடுக்கிற கூலியே அதைவிட அதிகம்.

பழைய காலத்தில் இதுக்கு வேறு ஒரு வழியும் இருந்தது. தஞ்சாவூர் ஜில்லா போர்டு, நிலவரியோடு சேர்த்து ரயில்வேக்கு என்று தனியாக ஒரு வரி வசூலித்து, மாயவரத்திலிருந்து முத்துப்பேட்டைக்கு 1894ல் பாதை திறந்தது. கிஸ்தி கட்டிய குடியானவன் காசும் அந்தத் தண்டவாளத்தில் இருக்கு. யாரோ கொடுக்கட்டும் என்று உட்காராமல் உள்ளூர் அமைப்பே முன்னால் நின்று செய்த வேலை. இன்றைக்கு மாநில அரசு பாதிச் செலவு ஏற்றால் பாதை சீக்கிரம் வரும் என்று பேசுகிறோமே, அதுக்கு அப்பன் இதுதான்.

சரி, திட்டக்குடிக்கு என்ன கேட்கலாம்? என் மனசில் இருக்கிறதைச் சொல்கிறேன். பெண்ணாடத்தில் கார்டு லைனிலிருந்து பிரிந்து, திட்டக்குடி, தொழுதூர் வழியாகப் பெரம்பலூர். மொத்தம் அறுபது கிலோமீட்டருக்குள் முடியும். திட்டக்குடிக்கு மட்டும் என்று கேட்டால் ரயில்வே கணக்கில் தேறாது. இரண்டு முனையும் வலுவாக இருக்கணும். ஒரு பக்கம் விருத்தாசலம் ஜங்ஷன், கடலூர், சென்னை. இன்னொரு பக்கம் ரயிலே இல்லாத ஒரு மாவட்டத் தலைநகர். நடுவில் நாம். 1920களில் நம்மைத் தள்ளின அதே நியாயத்தை இந்த முறை நம்ம பக்கம் திருப்பிக் கேட்கிறோம், அவ்வளவுதான். இது எந்த அதிகாரியும் போட்ட திட்டம் இல்லை, பென்சிலும் ஸ்கேலும் போட்ட திட்டம்.

ஆனால் அது வருகிற வரைக்கும்? தண்டவாளம் பதினைந்து கிலோமீட்டரில் ஏற்கெனவே இருக்கு. 1929லிருந்து இருக்கு. 1990களின் கடைசியில் அகலப் பாதை ஆக்கினார்கள், பிறகு மின்சாரம் வந்தது, இரட்டைப் பாதையும் வந்துவிட்டது. ரயில்கள் கூடின. ஆனால் நிற்கிறது எத்தனை? தாழநல்லூர், ஈச்சங்காடு மாதிரி ஸ்டேஷன் பக்கத்து வயலில் நடவு நட்டுக்கொண்டே எண்ணினால், போகிற வண்டி ஏராளம், நிற்கிற வண்டியை ஒரு கை விரலில் எண்ணிவிடலாம். 2020ல் கொரோனாவுக்கு நிறுத்தின பாசஞ்சர் வண்டிகள் திரும்பி வரும்போது எக்ஸ்பிரஸ் கட்டணத்தோடு வந்தன. பத்து ரூபாய் டிக்கெட் முப்பது ஆனது. 2024 பிப்ரவரியில்தான் பழைய கட்டணம் திரும்பியது. நாலு வருஷம், பக்கத்து ஊருக்கு வேலைக்கும் படிப்புக்கும் போகிறவர்கள் மூணு மடங்கு கொடுத்தார்கள். இல்லை, பஸ்ஸுக்கு மாறிவிட்டார்கள்.

அதனால் முதல் மனுவில் நான் புதுப் பாதையைக் கேட்க மாட்டேன். பெண்ணாடத்தில் இன்னும் இரண்டு எக்ஸ்பிரஸ் நிற்கணும் என்று கேட்பேன். அந்த வண்டி நேரத்துக்குத் திட்டக்குடியிலிருந்து ஒரு டவுன் பஸ் கேட்பேன். ராத்திரி இரண்டு மணிக்குப் பெண்ணாடத்தில் இறங்குகிற பொம்பளைப் பிள்ளை ஊர் வந்து சேர ஆட்டோக்காரரிடம் பேரம் பேசிக்கொண்டு நிற்க வேண்டாம். இதுக்கு ஒரு ஏக்கர் நிலமும் எடுக்க வேண்டாம். இரண்டாவது மனு புதுப் பாதைக்கு. முதல் மனு பலித்து பெண்ணாடத்தில் கூட்டம் ஏறினால், அந்தக் கூட்டமே இரண்டாவது மனுவுக்குச் சாட்சி.

நிலம் என்றதும் கடைசிக் கணக்கு வருது. ஒற்றைப் பாதைக்கே கரை, ஓரம் எல்லாம் சேர்த்து முப்பது நாற்பது மீட்டர் அகலம் வைத்தால், கிலோமீட்டருக்கு ஏழிலிருந்து பத்து ஏக்கர் வரைக்கும் போகும். பெண்ணாடத்திலிருந்து திட்டக்குடி வரைக்குமே நூறு ஏக்கருக்கு மேல். அதில் பாதி ஏரிப் பாசன நஞ்சையாக இருந்தால் என்ன செய்வது? எடுத்தது போக மீதி நிலம் கரைக்கு அந்தப் பக்கம் மாட்டிக்கொண்டால் ஏரும் மாடும் எப்படிப் போகும்? ஐப்பசி மழைத் தண்ணி கரையில் முட்டி நின்றால் நாற்று அழுகுமே? இதையெல்லாம் சர்வே கல் நட்ட பிறகு கத்தினால் காதில் விழாது. கோடு காகிதத்தில் இருக்கும்போதே பேசணும். ஓடைக்கு ஓடை பாலம், வாய்க்காலுக்கு வாய்க்கால் குழாய், வண்டிப் பாதைக்குக் கீழ்ப்பாலம், அதுவும் மழையில் குளமாகாத கீழ்ப்பாலம். மருதையாறு நமக்குச் சொல்லிவிட்டுப் போனது அதுதான்.

மறு வாரம் அந்தப் பெரியவரைத் திரும்ப டீக்கடையில் பார்த்தேன். அட்லஸைக் காட்டி, விருத்தாசலம் ஜங்ஷன் கதையைச் சொன்னேன். பொறுமையாகக் கேட்டார். டீயைக் குடித்து முடித்துவிட்டுச் சொன்னார்.

"அப்ப மிராசுதாருங்க மேல தப்பு இல்லேங்கிற. நாப்பது வருஷமா சும்மாவே திட்டிட்டேன்."

"தப்பு இல்லைன்னு சொல்லலைங்க பெரியப்பா. அவங்க வேணும்னு சொல்லியிருந்தாலும் வந்திருக்காதுன்னு சொல்றேன்."

கொஞ்ச நேரம் பென்சில் கோட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு பெண்ணாடத்திலிருந்து நான் மேற்கே இழுத்திருந்த இரண்டாவது கோட்டில் விரலை வைத்தார்.

"இது ஏரிக்குக் கீழாண்ட உன் காணி மேலதானே போவுது. குடுப்பியா?"

இதை நான் எதிர்பார்க்கவில்லை. அந்தக் காணி எங்க தாத்தா வாங்கினது. வெலிங்டன் தண்ணி பாயுது. ஒரு போகம் நெல்லு, ஒரு போகம் உளுந்து எடுக்கிறேன்.

"ஸ்டேஷன் நம்ம ஊருல, வண்டி நிக்கும், தண்ணிக்கு வழி விடுவாங்கன்னு எழுதிக் குடுத்தா குடுப்பேன்" என்றேன். "வெறும் தண்டவாளம் மட்டும் போகும், வண்டி நிக்காதுன்னா மாட்டேன்."

"அப்ப நீயும் மிராசுதாருதான்" என்று சிரித்துக்கொண்டே எழுந்து போனார்.

அன்றைக்குச் சாயங்காலம் அந்தக் காணியைப் போய் ஒரு சுற்று சுற்றி வந்தேன். தெற்கு வரப்போரம் ஓடை தூர்ந்துபோய்க் கிடக்கு. ரயில் வந்தாலும் வராவிட்டாலும் மழைக்கு முன்னால் அதை வெட்டியாகணும்.